இருப்புப்பாதையும் இளஞ்சிறாரும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் நாடகமும் விருந்தாக அமையும் விழாவில் சட்டத்தையும் நீதிமன்றப் பதிவேட்டையும் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். நம் குடியிருப்பின் சுவருக்கு அப்பால் இருப்புப்பாதை செல்கிறது. நம் பிள்ளைகள் மாலைதோறும் அதன் அருகேதான் விளையாடுகிறார்கள். ஆதலின், இருப்புப்பாதையில் சிறுவர் இழைத்த குற்றங்களைச் சட்டம் அன்று எவ்வாறு நோக்கியது, இன்று எவ்வாறு நோக்குகிறது என்பதை நாம் அறிந்துகொள்வது நலம்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் குழந்தைப் பருவத்துக்குக் காப்பளித்தது. ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமாகாது என்றது அதன் 82-ஆம் பிரிவு. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலின் விளைவை உணரும் முதிர்ச்சி இல்லையெனில், அப்பிள்ளையின் செயலும் குற்றமாகாது என்றது 83-ஆம் பிரிவு.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம், தன் 130-ஆம் பிரிவால் அந்தக் காப்பை விலக்கியது. தண்டவாளத்தின்மேல் கல்லையோ கட்டையையோ வைத்தல், வண்டியின்மீது எறிதல் முதலிய செயல்களைச் செய்தவர் பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவராயினும் குற்றவாளியாகவே கொள்ளப்பட்டார். ஆண்பிள்ளையாயின் நீதிமன்றம் கசையடி விதிக்கலாம். அன்றி, மீண்டும் இவ்வாறு நிகழாமல் தடுப்பதாகத் தந்தையிடமோ பாதுகாவலரிடமோ பிணைப்பத்திரம் எழுதி வாங்கலாம்.

அத்துமீறிப் பாதையில் நுழைதல் போன்ற சிறு குற்றங்களைச் சுருக்க முறையில் விசாரித்து முடிக்க இயலும். அத்தகைய விசாரணையில் எவற்றைப் பதிய வேண்டும் என்பதை 1898-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 263-ஆம் பிரிவு வரிசையாகக் கூறியது. குற்றம் நிகழ்ந்த நாள், புகார் கொடுத்தவர் பெயர், குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர், பெற்றோர், இருப்பிடம், வாக்குமூலம், முடிவு, தண்டனை ஆகியவை அவ்வரிசையில் உண்டு. வயது இல்லை! பத்து வயதுச் சிறுவனும் நாற்பது வயது ஆடவனும் அவ்வரிசையின்படி ஒரே வகையில் பதியப்படலாம். பிள்ளை ஏன் அங்கு வந்தான், பசித்து வந்தானா, விளையாட இடமின்றி வந்தானா என்ற வினாக்களுக்கும் அதில் இடமில்லை.

காலம் மாறியது. 1955-இல் கசையடித் தண்டனையை ஒழிக்கும் சட்டம் பிறந்தது. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் வந்தது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிரம்பாதோர் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தப்படுகின்றனர். அவர்களை அடையாளம் காட்டும் செய்தி வெளியிடப்படலாகாது. சில விலக்குகள் நீங்கலாக, பழைய குற்றப்பதிவும் அழிக்கப்பட வேண்டும். அன்று வரிசையில் இடம்பெறாத வயதே இன்று முதல் வினாவாகிவிட்டது.

சட்டம் கனிந்தமையால் கல் மென்மையாகிவிடவில்லை. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 30 மீட்டர் கடக்கிறது. அதன் சன்னலில் படும் சிறு கல்லும் ஒருவர் கண்ணைப் பறிக்க வல்லது. ஆகவே 1890-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்ட அச்சம் தவறன்று. அது பிள்ளையின் முதுகில் கசையைத் தேடியதே தவறு.

அச்சட்டத்தில் நாம் போற்றிக் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு; அது தந்தையின் பிணை. நீதிமன்றம் கேளாமலே அப்பிணையை நாம் ஒவ்வொருவரும் நம் உள்ளத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நம் பிள்ளை எறிந்தால் விளையாட்டு, பாதைக்கு அப்பால் குடிசையில் வாழும் பிள்ளை எறிந்தால் குற்றம் என்று கருதும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதை ஒழிக்க வேண்டும். மாலையில் இரு சாராரும் கூடி ஆட ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது நம் சங்கத்தால் இயலாததன்று. நிலையத்தில் தனித்துத் திரியும் சிறுவனைக் கண்டால் விரட்டாமல், 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதும் நம் கடனே.

பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் ஏறும்முன், அவர்கள் பெயர் நம் நினைவில் ஏறட்டும்.