தாய்க்கும் பிடித்தவை உண்டு



ஒரு தாயிடம் கேட்டுப் பாருங்கள். "உங்கள் குழந்தைக்கு என்ன பிடிக்கும்?" உடனே பதில் வரும். "சரி, உங்களுக்கு என்ன பிடிக்கும்?" இதற்குப் பதில் வராது. சிரிப்புதான் வரும். "எனக்கென்ன? பிள்ளை சாப்பிட்டால் போதும்" என்பார்.

கேரள மாநிலத்தில், இடுக்கி மாவட்டத்தில், மூணாறு இருக்கிறது. அங்கே மலை முழுவதும் தேயிலைத் தோட்டம். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறையாக அங்கே உழைக்கின்றன. அங்கே ஒரு லயத்தில் ஒரு தாய் இருக்கிறார். அவருக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை.

காலை 5 மணிக்குத் தாய் எழுகிறார். நல்ல குளிர். தண்ணீர் பிடிக்கிறார். அடுப்பு மூட்டுகிறார். சோறு ஆக்குகிறார். அதற்குள் பாப்பா எழுந்துவிடுகிறது. கம்பளியைத் தள்ளிவிட்டு நேரே அடுப்படிக்கு வருகிறது. அதைத் தூக்குவதா, உலையைப் பார்ப்பதா? தாய் தனக்கு ஊற்றி வைத்த கட்டஞ்சாயா ஆறிப் போகிறது.

8 மணிக்கு வேலைக்கு நிற்க வேண்டும். அதற்கு முன் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டும். பெண்கள் பலர் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. காப்பகத்தில் ஆயா கை நீட்டுகிறார். பாப்பா அம்மாவின் சேலையை விடுவதில்லை. அழுகிறது. தாய் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். பார்த்தால் கால் நகராது.

பகல் முழுவதும் கொழுந்து எடுக்கும் வேலை. மாலையில் காப்பகத்துக்கு வந்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார். பூச்சி மருந்து அடித்த செடியைத் தொட்ட கை அல்லவா? பிறகுதான் பிள்ளையைத் தூக்குகிறார்.

பாப்பாவுக்குப் பிடித்தது எது? திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை மூலையில் கிடக்கிறது. பாப்பாவுக்கு வேண்டியது ஒரு கரண்டி, ஒரு தட்டு, ஒரு டப்பா மூடி. தட்டிக்கொண்டே இருக்கும். தாய் சமைத்தபடியே பேசுகிறார். "இது வெங்காயம். இது தக்காளி. தக்காளி என்ன நிறம்?" பாப்பா "தக்கா" என்கிறது.

இதுவும் கல்விதான். முதல் இரண்டு, மூன்று வயதில் மூளை வேகமாக வளர்கிறது. பேசப் பேசக் குழந்தைக்குச் சொல் பெருகும். இதற்குக் காசு வேண்டாம். ஆனால் கண் பிள்ளை மேல் இருக்க வேண்டும். தண்ணீர் வாளி, கொதிக்கும் உலை, தொண்டையில் சிக்கும் நிலக்கடலை, மூன்றும் இந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்து.

சரி, அந்தத் தாய்க்குப் பிடித்தவை எவை? மூன்று உண்டு.

ஒன்று, ஆறாத கட்டஞ்சாயா. உட்கார்ந்து குடிக்க வேண்டும்.

இரண்டு, குறிஞ்சிப் பூ. நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும். 2018-இல் பூத்தபோது பார்த்தார். இனி 2030-இல் பூக்க வேண்டும். அப்போது பாப்பாவைக் கை பிடித்துக் கூட்டிப் போக ஆசை.

மூன்று, படிப்பு. சிறு வயதில் அவர் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று 1991 ஏப்ரல் 18 அன்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் அதற்குப் பின் பிறந்த இவருக்கு எழுத்துக் கைகூடவில்லை. இப்போதுதான் மாலை வகுப்பில் சேர்ந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினார்.

"கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு படிப்பு எதற்கு?" என்றார்கள் லயத்தில். வீட்டுக்காரரும் வாய் திறக்கவில்லை. தாய் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. ஆஷா பணியாளர் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொடுத்தார். துத்தநாக மாத்திரையும் கொடுத்தார். தமிழில் ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். இரவில் பாட்டி ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்தார். பாக்கெட்டைப் பிரித்து அதில் கொட்டப் போனார். தாய் சீட்டை விளக்குப் பக்கம் பிடித்து எழுத்துக் கூட்டினார்.

"முழுப் பாக்கெட். ஒரு லிட்டர் தண்ணீர். கொதிக்க வைத்து ஆற வைத்தது."

"அத்தை, நிறுத்துங்கள்! தம்ளரில் வேண்டாம்" என்றார்.

தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்துவிடும். குழந்தைக்கு அது கெடுதல். ஒரு லிட்டரில் கரைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தார்கள். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தவில்லை. மாத்திரையைச் சீட்டில் உள்ளபடி 14 நாள் கொடுத்தார்கள். குழந்தை துவண்டு போனாலோ, குடிக்க முடியாவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றும் சீட்டில் இருந்தது. அந்த நிலை வரவில்லை. பாப்பா தேறிவிட்டது.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் சொன்னார்: "7 மணிக்கு நீ வகுப்புக்குப் போ. பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன்."

தாய் சொன்னார்: "பாப்பாவுக்கு உதவியது, சந்தோஷம். ஆனால் அதற்காக மட்டும் இல்லை. படிப்பது எனக்குப் பிடிக்கும்."

பெரியோர்களே! இந்தச் சொல்லை எத்தனை தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? குழந்தையை வளர்ப்பது தாயின் வேலை மட்டும் அல்ல. தகப்பனுக்கும் அதில் பங்கு உண்டு. பாட்டி, தாத்தாவுக்கும் பங்கு உண்டு. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் தாய்க்குச் சொந்தம். படிக்கட்டும், பாட்டுக் கேட்கட்டும், சும்மா உட்காரட்டும்.

இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்: "உனக்கு என்ன பிடிக்கும்?" முதலில் சிரிப்பார். மறுபடியும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். அதற்குள் சாயா ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.