காக்கி உடுப்பும் கட்டான உடலும்

(சங்கத்தின் வெள்ளி விழா, இளைஞர் அமர்வில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காவல் பணியும் உடல்நலமும் பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் பணித்தபோது சற்றுத் தயங்கினேன். நான் மருத்துவனும் அல்லேன், காவலனும் அல்லேன். சுண்ணக்கட்டி பிடித்தே காலம் கழித்த ஆசிரியன். ஆயினும் இந்த அவையில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ளும் கடன் எனக்கு உண்டு. அதனால் இசைந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவன் ஒருவன் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் நன்கு தேறினான். உயரமும் மார்பளவும் சரியாக இருந்தன. எஞ்சியது ஓட்டம். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். அவன் கடந்தபோது 7 நிமிடம் 9 வினாடி. வயது வரம்பின் விளிம்பில் நின்ற அவனுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. என்னிடம் வந்து அவன் குறைகூறவில்லை. "ஐயா, பள்ளியில் நாங்கள் ஓடியதே இல்லையே" என்று மட்டும் சொன்னான். உண்மைதான். பத்தாம் வகுப்பின் உடற்கல்விப் பாடவேளையை வாங்கி ஆங்கில இலக்கணம் நடத்தியவன் நான். நம் பிள்ளைகளுக்குப் படிப்பு போதும், ஓட்டமும் ஆட்டமும் எதற்கு என்று எண்ணியவன் நான்.

சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அண்மைக்கால அறிவிக்கைகளைப் பாருங்கள். பிற வகுப்பு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் உயரம். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினர்க்கு 167. பெண்களுக்கு 159; நம் பெண்களுக்கு 157. இந்தச் சலுகையைக் காட்டி எவரேனும் ஏளனம் செய்தால் தலைகுனிய வேண்டா. பிள்ளையின் வளர்ச்சிக்கு அடித்தளம் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் இடப்படுகிறது. தலைமுறை தலைமுறையாகக் கூழும் அரை வயிறுமாக இருந்த வீடுகளில் உயரம் எங்கிருந்து வரும்? ஆனால் ஓட்டத்தில் நமக்கு ஒரு வினாடியும் சலுகை இல்லை. அது நியாயமே. நுரையீரலைப் பழக்குவது நம் கையில் இருக்கிறது.

இந்த உடுப்பு நமக்கு எதற்கு என்று கேட்பாரும் உண்டு. அண்ணல் அம்பேத்கரின் தந்தை இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. பின்னர் மகர் மக்களுக்குப் படையின் கதவை ஆங்கிலேயர் அடைத்தனர். அந்தக் கதவைத் திறக்க அண்ணல் வாதாடினார். 1941இல் மகர் படைப்பிரிவு உருவாயிற்று. இன்று 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நம் கையில் இருக்கிறது. ஆனால் அழுதுகொண்டு நிலையத்திற்குப் போகும் நம் தாயின் மனுவை முதலில் கை நீட்டி வாங்குபவர் அங்கே பணியில் இருக்கும் காவலர்தான். அந்தக் கை யாருடைய கை என்பது சிறிய செய்தி அன்று.

இனி ஓட்டத்திற்கு வருவோம். நம் பள்ளி மைதானத்தின் சுற்று 200 மீட்டர். ஏழரைச் சுற்று ஓடினால் 1500. ஒரு சுற்றுக்கு 56 வினாடி கிடைக்கிறது. இது பறக்கும் வேகம் அன்று. ஆனால் நம் பிள்ளைகள் முதல் சுற்றை 40 வினாடியில் முடித்து, கைதட்டும் வாங்கி, ஐந்தாம் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். என் மாணவனும் அப்படித்தான் தோற்றான். அறிவிக்கை வந்த பின் ஓடத் தொடங்குவதும் தவறு. இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் குருதியின் அளவு கூடவும், தசையில் நுண்குழாய்கள் பெருகவும் மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். முதல் மாதம் பக்கத்தில் ஓடுபவனோடு பேசிக்கொண்டே ஓடும் வேகம் போதும். அதன்பின் வாரம் ஒருநாள் 400 மீட்டரை வேகமாக ஓடி, இளைப்பாறி, மீண்டும் ஓடுங்கள். கணுக்காலிலும் முழங்காலிலும் வலி கண்டால் நிறுத்துங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவது வீரம் அன்று. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. இரத்தசோகை இருந்தால் அந்த இரண்டு சுற்றும் மலையாகத் தோன்றும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குருதிச் சோதனை செய்து, 12 கிராமுக்குக் குறைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஆண்களுக்குக் கயிறேற்றம் உண்டு. பனையேறியும் கிணறு வெட்டியும் வாழ்ந்தவர்களின் பேரன்கள் கயிற்றைக் கண்டு மிரளுவது எனக்கு வியப்பாக இருக்கிறது! வேப்பமரக் கிளையில் வடம் கட்டுங்கள். கீழே மணல் பரப்புங்கள். காலால் வடத்தைப் பூட்டக் கற்றால் கைக்குப் பாதிச் சுமை குறையும்.

உணவைப் பற்றி ஒன்று. டப்பாவில் விற்கும் மாவுக்காகக் கடன் வாங்காதீர்கள். ஊசி போட்டுத் தசை வளர்ப்பவனிடம் நெருங்கவே நெருங்காதீர்கள். கேழ்வரகு, நிலக்கடலை, கொள்ளு, முட்டை, முருங்கைக்கீரை, கருவாடு, மாட்டிறைச்சி இவையே போதும். கடைசியாகச் சொன்னதை வெளியில் சொல்ல நாணுகிறோம். இரும்பும் புரதமும் அதில் நிறைந்திருப்பதை எந்த மருத்துவரும் மறுக்கமாட்டார்.

தேர்வில் வென்றபின் உடலை மறப்பதே பெரிய கேடு. என்னிடம் படித்துக் காவலரானவர்களில் சிலர் நாற்பது வயதில் தொந்தியோடும் இரத்தக் கொதிப்போடும் வருகிறார்கள். அவர்களை மட்டும் குறைசொல்ல இயலாது. இரவுப் பணி உடலின் கடிகாரத்தைக் குலைக்கிறது. பந்தோபஸ்தில் வெயிலில் நாளெல்லாம் நின்றால் காலில் நரம்பு சுருள்கிறது. பசிக்குத் தேநீரும் பஜ்ஜியும் துணை. பெண் காவலர் பாடு இன்னும் கொடிது. கழிவறை இல்லாத இடத்தில் நிற்கவேண்டும் என்று தண்ணீரே குடியாமல் இருந்து சிறுநீர்த் தொற்றுக்கு ஆளாகிறார்கள். 1973இல் தமிழகக் காவல்துறையில் பெண்கள் சேர்ந்தார்கள். இந்தக் குறை இன்னும் எல்லா இடத்திலும் தீர்ந்தபாடில்லை. வாரம் ஒருநாள் ஓய்வு தர 2021இல் அரசாணை வந்தது. கிடைக்கும் ஓய்வில் முதலில் உறங்குங்கள். வாரம் 150 நிமிடமாவது விரைந்து நடங்கள். இடுப்பளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டாமல் காத்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம் 140க்கு 90 ஆனால் மாத்திரைக்கு வெட்கப்படாதீர்கள். மனச்சுமையை மதுவில் கரைக்க முயன்றவர்கள் எவரும் மீண்டதாக நான் கண்டதில்லை. காவலர் மனநலனுக்கென்றே 2018இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு நம் மாநிலத்தில் பயிற்சி தொடங்கப்பட்டது. அழைப்பு வந்தால் தட்டாமல் செல்லுங்கள்.

வரும் ஞாயிறு முதல் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானம் திறந்திருக்கும். சாவி என்னிடம். சுண்ணாம்புக் கோடு போட நான் வருகிறேன். நிறுத்துக் கடிகாரத்தைப் பிடிக்க, 9 வினாடியில் தவறவிட்ட அந்த மாணவன் வருகிறான். இப்போது சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான். ஏழு மணிக்குச் சந்தைக்குப் போகவேண்டும் என்பதால் தாமதமாக வராதீர்கள்.