பச்சைக் குழந்தையும் மருத்துவ ஆராய்ச்சியும்

பச்சைக் குழந்தையிடம் ஆராய்ச்சியா என்று நாம் பதறுகிறோம். ஆனால் 1940களில் அமெரிக்க டாக்டர்கள் குறைமாதக் குழந்தைகளுக்கு நல்லதென்றே நம்பிப் பிராணவாயுவைத் தாராளமாகக் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண்ணிழந்தார்கள். 1953இல் 18 மருத்துவமனைகள் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் காரணத்தை உறுதிசெய்தது. வாயுவைக் குறைத்தார்கள். கண் பிழைத்தது; ஆனால் மூச்சுக்குத் தவித்துப் பல குழந்தைகள் இறந்தன.

அப்படியானால் சரியான அளவு எது? 2005இல் தொடங்கி, சுமார் 1,300 குழந்தைகளிடம் அங்கே மறுபடி ஆராய்ந்தார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட தாளில் ஆபத்தைச் சரியாக விளக்கவில்லை என்று 2013இல் அந்நாட்டு அரசு அலுவலகமே குறை கூறியது. படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை!

ஆராய்ச்சி வேண்டியதுதான். ஆனால் பேச வாயில்லாத பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நாம். தமிழில் விளக்கச் சொல்லுவோம். புரியாவிட்டால் இன்னொரு முறை கேட்போம். வேண்டாமென்று நாம் சொன்னாலும் பிள்ளைக்கு வைத்தியம் நிற்கக் கூடாது. நடுவில் விலகவும் நமக்கு உரிமை உண்டு.