கூகைக்கு ஒரு குடில்

(திருவிழாவை முன்னிட்டு ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாசல் தெளித்து அரிசி மாவினால் கோலமிட்டால் எறும்பும் குருவியும் பசியாறும். முதற்பிடி சோற்றைக் காகத்துக்கு வைத்த பின்னரே வீட்டார் உண்பர். பறவைக்கு உணவளித்தல் தமிழர்க்குப் புதிய பாடமன்று. ஆனால் அந்த அன்பு எல்லாப் பறவைக்கும் ஒரே அளவில் கிட்டியதில்லை. மயிலும் சேவலும் முருகப்பெருமான் சந்நிதியில் இடம் பெற்றன. காகம் சனீசுவரரின் வாகனமாயிற்று. கூகைக்குக் கிடைத்ததோ கல்லடி ஒன்றே. அது கூரைமேல் அலறினால் அவ்வீட்டில் சாவு விழும் என்று அஞ்சி, அதற்குச் சாக்குருவி என்றே பெயரிட்டனர். லயத்து வீடுகளில் இரவில் அதன் குரல் கேட்டதும் கல்லெடுத்து ஓடியவர்களைக் கண்ட முதியோர் இன்றும் உள்ளனர்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லத்தான் வேண்டும். கூகையும் காகமும் பகைவர் என்பது திருக்குறள் படித்த பள்ளிச் சிறுவர்க்கும் தெரியும். அவ்விரண்டுள் சோறு பெறும் காகம் இம்மண்ணுக்கு உரியதன்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், காப்பிச் செடிகளை அழித்த புழுக்களை உண்பதற்காக இலங்கையிலிருந்து கிள்ளான் பகுதிக்குக் கொண்டுவரப்பட்ட பறவை அது. காப்பி போயிற்று, காகம் பெருகிற்று.

கூகை இந்நாட்டில் பெருகிய கதை வேறு. அது கோலா கங்சார் மக்கள் நன்கறிந்த தோட்ட வரலாற்றோடு பின்னியது. 1877 ஆம் ஆண்டில் சர் ஹியூ லோ இவ்வூரில் ரப்பர்க் கன்றுகளை நடுவித்தார். அத்தொடக்க காலத்து மரம் ஒன்றை மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் காணலாம். அதன் வழிவந்த மரங்களை நம்பியே பல தலைமுறைத் தமிழர் பேரா மாநிலத்தில் வாழ்ந்தனர். 1960களுக்குப் பின் ரப்பர் நிரைகள் பல வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனை வந்தவுடன் எலியும் வந்தது. கொழுப்பு மிகுந்த பழம் ஆண்டு முழுவதும் மரத்திலேயே கிடைக்கும்போது எலிக்கு வேறென்ன வேண்டும்? கட்டுப்பாடின்றி விட்டால் எண்ணெய் விளைச்சலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கு எலி வயிற்றுக்குப் போகும் என்று கணக்கிட்டுள்ளனர்.

அந்த எலியைத் தேடிக் கூகையும் வந்தது. அதற்கு முன் தீபகற்பத்தில் அது அரிதாகக் காணப்பட்ட பறவையே. 1960களின் பிற்பகுதியில் ஜொகூரின் செம்பனைத் தோட்டமொன்றில் அது கூடமைத்தமை பதிவாயிற்று. எனினும் வந்த விருந்தாளிக்குத் தங்க இடமில்லை. கூகை சுள்ளி பொறுக்கிக் கூடு கட்டும் இனமன்று. முதுமரத்துப் பொந்தோ, பழங்கட்டடத்தின் மச்சோ கிடைத்தால்தான் முட்டையிடும். செம்பனையில் அத்தகைய பொந்து இராது. உணவு ஏராளம், உறைவிடம் இல்லை. இதையுணர்ந்த தோட்டத்தார் 1970கள் தொட்டுக் கம்பங்களில் மரப்பெட்டிகளைப் பொருத்தினர். பத்து எக்டருக்கு ஒரு பெட்டி என்பது பின்னர்ப் பரவலான வழக்காயிற்று. வெண்முகக் கூகை தெற்கிலிருந்து வடக்கே பேரா வரையிலும் அதற்கப்பாலும் பரவியது இந்தப் பெட்டிகளின் துணையால்தான். இப்போது நெல்வயல்களிலும் அவை நிற்கின்றன.

மலாய்க்காரர் அதைப் 'புங்கோக் ஜெலாப்பாங்' என்பர். ஜெலாப்பாங் என்றால் நெற்களஞ்சியம். ஈப்போவுக்கருகில் அதே பெயரில் ஊரே உள்ளது. ஒரே பறவையை ஓர் இனத்தார் களஞ்சியத்தோடும் மற்றோர் இனத்தார் சாவோடும் சேர்த்துப் பெயரிட்டிருப்பது எண்ணத்தக்கது.

அதன் தொழில் நேர்த்தி வியப்புக்குரியது. இரு செவித் துளைகளும் ஒரே மட்டத்தில் அமையாமல் ஒன்று சற்று உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் இருப்பதால், காரிருளிலும் எலி நடக்கும் ஓசையைக் கொண்டே அதன் இடத்தைத் துல்லியமாக அறியும். இதய வடிவிலான முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்பும். சிறகின் முன்விளிம்பு சீப்புப்போல் அமைந்திருப்பதால் பறக்கும் ஓசையே எழாது. எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரியாத எலும்பையும் மயிரையும் கருநிற உருண்டையாகக் கக்கிவிடும். அவ்வுருண்டையைப் பிரித்து மண்டையோடுகளை எண்ணியே ஆய்வாளர் அதன் உணவைக் கணக்கிட்டனர். மலேசியத் தோட்டங்களில் அதன் இரையில் மிகப் பெரும்பங்கு எலியே எனத் தெரியவந்தது. ஓரிணையும் அதன் குஞ்சுகளும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் எலிகளை உண்ணும். அஞ்சவைத்த அந்த அலறல், துணையை அழைக்கும் குரலும் எல்லையை அறிவிக்கும் குரலுமேயன்றி எமனின் தூதன்று. பசித்த குஞ்சுகள் எழுப்பும் சீறொலியைத்தான் பலர் பேய்மூச்சு என்று அஞ்சினர்.

இத்தகைய பறவைக்கு இன்று கல்லைவிடப் பெரிய பகை, நஞ்சு. எலி மருந்துக் கட்டிகளைச் செம்பனை அடியில் ஒவ்வொன்றாக வைத்துச் செல்லும் வேலையைத் தோட்டப் பெண்கள் நெடுங்காலம் செய்தனர். முதலில் பயன்பட்ட வார்ஃபரின் நாளடைவில் சில இடங்களில் எலிகளுக்குப் பழகிப்போயிற்று. பிறகு புரோடிபாகம் முதலிய கடுநஞ்சுகள் வந்தன. அதை உண்ட எலி உடனே சாவதில்லை; சில நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியே கூகைக்கு எளிய இரை. நஞ்சு எலியோடு நில்லாமல் அதன் ஈரலிலும் சேரும். 1980களிலேயே, இத்தகைய நஞ்சிட்ட தோட்டத்தில் கூகைகள் குறைந்ததை ஆய்வாளர் எழுதிவைத்தனர். அந்த நஞ்சை வாங்கத் தோட்டத்துக்குப் போகவேண்டியதில்லை, ஊர்க்கடையிலேயே கிடைக்கிறது. சமையற்கட்டில் எலி ஓடினால் அதை வாங்கி மூலையில் போடாத வீடு எத்தனை? எலிக்காய்ச்சலுக்கு அஞ்சுவது நியாயமே. அதற்குக் கூண்டுப்பொறி இருக்கிறது.

சமயம் கூகையை வெறுக்கிறதா என்றால், அதுவும் இல்லை. வங்காளத்தில் இலக்குமியின் வாகனமே ஆந்தைதான். அங்குத் திருமகள் படத்தில் தேவியின் காலடியில் வெள்ளைக் கூகை அமர்ந்திருக்கும். நெல்லைக் காக்கும் பறவையைச் செல்வத்தின் தேவியோடு இணைத்தவர்கள் வயலறிந்தவர்களாகத்தான் இருக்கவேண்டும்.

அடுத்து, வீட்டுக் கொல்லையிலும் ஆலய வளாகத்திலும் செய்யக்கூடியவை. மிஞ்சிய சோற்றைக் கொட்டிவைத்துப் பறவைகளை அழைப்பதாக எண்ணுவோர் உண்டு. பகலில் அதை உண்பது காகம். இரவில் உண்பது எலி. அன்னதானத்துக்குப் பின் வாழையிலைகளைப் பொழுது சாயுமுன் அகற்றிவிடுவது இக்காரணத்தால் மிகவும் தேவை. தானியம் வைப்பவர் ஒருவேளைக்குரியதை மட்டும் உயரமான தட்டில் வைக்கலாம். அதைவிட நல்லது மரம் நடுதல். செம்பருத்திக்குத் தேன்சிட்டு வரும்; சிறுசிறு செர்ரிப் பழங்களுக்குக் கொண்டைக்குருவி வரும். நீர்த்தட்டு வைத்தால் நாள்தோறும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றவேண்டும். டிங்கிக் கொசுவுக்கு அதுவே தொட்டிலாகிவிடக் கூடாது. விடியலில் இனிமையாகப் பாடும் குண்டுகரிச்சானும் பொந்தில் கூடமைப்பதே. சிறு மரப்பெட்டி ஒன்றைச் சுவரோரம் நிழலில் மாட்டினால் அது குடியேறக்கூடும். கூண்டில் அடைத்து அதன் பாட்டைக் கேட்பதைவிட இது புண்ணியம்.

கூகைப் பெட்டிக்கு மட்டும் இடம் பெரிதாக வேண்டும். ஆலயத்தின் பின்புறம் செம்பனையோ வயலோ வெட்டவெளியோ இருப்பின் அது பொருந்தும். ஏறத்தாழ இரண்டடி நீளமும் ஒன்றரையடி அகலமும் கொண்ட பலகைப் பெட்டி போதும். உள்ளே ஒரு தடுப்பு வைத்தால் குஞ்சுகள் தவறி விழா. பதினைந்து அடி உயரக் கம்பத்தில், வாயில் மழைச்சாரலுக்கு எதிர்ப்புறமாக அமையுமாறு பொருத்தவேண்டும். ஒலிபெருக்கியும் விளக்கும் அப்பக்கம் திரும்பாதிருக்கவேண்டும். உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும்போது ஏணி வைத்துப் பார்க்கும் ஆவல் ஆகாது. பல மாதம் சென்றும் பறவை வரவில்லையென்று பெட்டியைக் கழற்றிவிடவும் வேண்டாம். ஒருநாள் காலையில் கம்பத்தடியில் வெள்ளை எச்சமும், கட்டைவிரல் பருமனில் பளபளக்கும் கருநிற உருண்டைகளும் கிடந்தால், குடிவந்தாயிற்று என்று பொருள். அவ்வுருண்டைகளைக் குழந்தைகளிடம் கொடுத்து, கையுறை அணிவித்து, எத்தனை எலி என்று எண்ணச் சொல்லலாம்.