விசுவாசம் மட்டும் போதுமா?



வெள்ளானூரில் அஸர் தொழுகை முடிந்ததும் ஓர் இளைஞர் கேட்டார்: “ஹஜ்ரத், கிறிஸ்தவர்கள் எந்தப் பாவம் செய்தாலும் ஏசு அதைச் சுமந்துவிட்டார், சொர்க்கம் உறுதி என்கிறார்களாமே?” மதரஸாவில் ஓதிய காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது அவர்கள் மீது நாம் கூறும் அவதூறு என்பது பின்னரே புரிந்தது.

இந்தக் கேள்வி அவர்களுக்குள்ளேயே பெரும் வழக்காக இருந்தது. நம் தமிழ்நாடும் அதைக் கண்டிருக்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, லுத்தரின் வழியில் வந்தவர். மனிதன் இறைவனிடம் நீதிமானாவது விசுவாசத்தால் மட்டுமே, செயல்களால் அன்று என்பது அவ்வழியினரின் கொள்கை. அதே நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர், அவர்களை மறுத்துத் தமிழிலேயே நூல்கள் எழுதினார். கத்தோலிக்கரிடம் ‘சாவான பாவம்’ என்றொரு வகை உண்டு. மனம் வருந்தாமல் அந்நிலையிலேயே இறந்தவர் மீட்பை இழப்பார் என்பது அவர்களின் போதனை. பாவசங்கீர்த்தனம் இருப்பதும் அதனால்தான்.

அப்படியானால் லுத்தரின் வழியினர் பாவத்தை அனுமதித்தார்களா? இல்லை. நல்ல மரம் நல்ல கனி தருவது போல, மெய்யான விசுவாசம் நற்செயலைத் தந்தே தீரும் என்றனர். செயல் விலையன்று, விளைச்சல் என்பது அவர்களின் வாதம். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் இது குறித்துக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. இரட்சிப்பு இறையருளால் வருகிறது, அந்த அருளே நற்செயலுக்கும் தூண்டுகிறது என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஒருமுறை பெற்ற இரட்சிப்பைப் பாவத்தால் இழக்க முடியுமா என்பதில் மட்டும் புராட்டஸ்டண்டு சபைகளிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

நமக்கும் அவர்களுக்கும் வேறுபாடு இல்லையா? உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவரின் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்று அல்லாஹ் கூறுகிறான் (6:164). ஈஸா (அலை) அவர்கள் நம் பாவங்களுக்காக உயிர் கொடுத்தார்கள் என்பதை நாம் ஏற்பதில்லை. தவ்பாவுக்கு இடையாளும் தேவையில்லை.

ஆனால் சகோதரர்களே, இதே நோய் நம்மிடமும் வந்ததுண்டு. ஈமான் இருந்தால் எந்தப் பாவமும் தீங்கு செய்யாது என்றனர் முர்ஜிஆக்களில் சிலர். பெரும்பாவம் செய்தவன் காஃபிர் என்றனர் கவாரிஜ்கள். அஹ்லுஸ் ஸுன்னத் இரண்டையும் மறுத்தது. இன்றைக்கு முர்ஜிஆ என்ற பெயர் இல்லை, அவ்வளவுதான்! “கலிமா சொன்னவன்தானே, எப்படியும் சொர்க்கம் போய்விடுவேன்” என்று சொல்லிக்கொண்டே வட்டி வாங்குபவரும், சகோதரியின் வாரிசுப் பங்கைக் கொடுக்காதவரும் நம் ஸஃப்பில்தான் நிற்கிறார்கள்.

இது உங்கள் ஆசைப்படியும் நடக்காது, வேதக்காரர்களின் ஆசைப்படியும் நடக்காது, தீமை செய்பவன் அதற்குரிய கூலியைப் பெறுவான் என்கிறது அந்நிஸா அத்தியாயம் (4:123). அதில் முதலில் சொல்லப்பட்டிருப்பது நம் ஆசை!

அமலை நம்பி அலட்சியமாக இருக்கவும் முடியாது. எவரையும் அவருடைய அமல் சொர்க்கத்தில் சேர்க்காது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, “தங்களையுமா?” என்று தோழர்கள் கேட்டனர். “என்னையும்தான், அல்லாஹ் தன் ரஹ்மத்தால் என்னைச் சூழ்ந்துகொண்டாலன்றி” என்ற கருத்தில் பதிலளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

அந்த இளைஞரிடம், பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பெரியவரிடமே கேட்டு வாருங்கள் என்றேன். மறுவாரம் வந்தார். “ஹஜ்ரத், தவக்காலத்தில் அவர் தம் பாவங்களை எண்ணி அழுவாராம். நீங்கள் ரமளானில் எப்படி என்று என்னைக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை” என்றார்.