மதுரை கைமாறியபோது



கொடைக்கானலில் வெள்ளைக்காரர்கள் வீடு கட்டியது 1845-இல். பழனி மலையின் கதையே அங்குதான் தொடங்குவதுபோலப் பலர் பேசுகிறார்கள். மலைச்சரிவில் படிப்படியாக வயல் வெட்டிய குன்னுவ வேளாளர்களின் கதை அதைவிடப் பழையது. தாராபுரம், காங்கேயம் பக்கத்தில் போர் ஓயாததால் முன்னோர் மலையேறினார்கள் என்பது அவர்களிடையே வழங்கிவந்த செய்தி; பஞ்சம்தான் விரட்டியது என்போரும் உண்டு. 1906-ஆம் ஆண்டு மதுரை கெசட்டியரில் அதைத் தொகுத்த பிரான்சிஸ் இரண்டையும் பதிவுசெய்து, நான்கைந்து நூற்றாண்டுக்கு முந்தைய நிகழ்ச்சி என்கிறார். கணக்குப் பார்த்தால், மதுரை விஜயநகரத்தின் கைக்குப் போன பின்புள்ள காலம்.

அந்தக் கைமாற்றம் லேசில் நடக்கவில்லை. 1311-இல் தில்லிப் படைத்தலைவர் மாலிக் கபூர் மதுரையைச் சூறையாடிவிட்டுத் திரும்பினார். 1335 வாக்கில் ஜலாலுதீன் அசன் கான் தில்லி துக்ளக்கை உதறிவிட்டுத் தாமே சுல்தானானார். பிறகு வந்த சுல்தான் கியாசுதீனை எதிர்த்த போசள மன்னர் மூன்றாம் வல்லாளருக்கு எண்பது வயது. கண்ணனூர் முற்றுகையில் வெற்றி கைக்கெட்டும் நேரத்தில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோலில் வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகப் பயணி இபன் பதூதா எழுதுகிறார். அவர் அசன் கானின் மருமகன். வல்லாளருக்காக மிகைப்படுத்த அவருக்குக் காரணம் ஏதுமில்லை.

பிறகு வந்தவர் விஜயநகர அரசர் புக்கரின் மகன் குமார கம்பணர். முதலில் படைவீட்டுச் சம்புவராயரை அடக்கினார், அப்புறம்தான் தெற்கே இறங்கினார். அவர் மனைவி கங்காதேவி இந்தப் படையெடுப்பைச் சமஸ்கிருதத்தில் 'மதுரா விஜயம்' என்ற காவியமாகப் பாடினார். அதில் கம்பணர் சுல்தானைத் தம் கையாலேயே கொன்று முடிக்கிறார். காவியத்துக்கு அப்படி ஒரு முடிவு வேண்டும்தான்! படையெடுப்புக்கு அஞ்சி வெளியே கொண்டுபோகப்பட்டிருந்த திருவரங்கத்து அரங்கன் 1371-இல் மீண்டும் கோயிலுக்கு வந்துவிட்டார். ஆனால் மதுரைச் சுல்தான் பெயர் பொறித்த காசுகள் 1378 வரை கிடைக்கின்றன. கம்பணரோ 1374-லேயே இறந்துவிட்டார். இந்த விஷயத்தில் காசைத்தான் நம்பத் தோன்றுகிறது.

1529 வாக்கில் விஜயநகரத்தின் சார்பில் விசுவநாத நாயக்கர் மதுரைக்கு வந்தார். நாடு 72 பாளையங்களாகப் பிரிந்தது. பழனி, ஆயக்குடி, விருப்பாச்சி மூன்றும் பழனி மலையின் வடக்கு அடிவாரத்தில் இருந்தவை. மேலே இருந்த ஊர்களும் அடிவாரத்துப் பாளையக்காரர்களுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. ஆக, சமவெளி அரசியல் குன்னுவரைத் தேடி மலைக்கே வந்துவிட்டது. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரைக் கம்பெனியார் தூக்கிலிட்டது 1801-இல். மலையை அளக்க ஆங்கில அதிகாரி வார்டு ஏறி வந்தது அதற்கு இருபது ஆண்டு கழித்து.