சட்டம் படிக்கப் போனவனை மடக்கிய வாத்தியார்

நீச்சல் சொல்லிக்கொடுக்கலாம், பைத்தான் சொல்லிக்கொடுக்கலாம். நேர்மையைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? கிரேக்கர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல தலைமுறை மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களும் அதே கேள்வியைக் கையில் எடுத்தாங்க. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த கிளமென்ட் எழுதின ஒரு நூலோட பெயர் 'பைதகோகோஸ்'. கிரேக்க வீடுகளில் பையனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போய், அவன் பழக்கவழக்கத்தைக் கண்காணிக்கிற அடிமைக்குத்தான் அந்தப் பெயர். கிளமென்ட் அந்த இடத்தில் கிறிஸ்துவை வைக்கிறார். எப்படிச் சாப்பிடணும், எப்படிச் சிரிக்கணும், எப்படித் தூங்கணும்னு எல்லாத்துக்கும் அதில் அறிவுரை இருக்கு.

ஆனா இன்னைக்கு நான் பேசப்போறது ரத்தமும் சதையுமா இருந்த ஒரு வாத்தியாரைப் பற்றி. அவர் பெயர் ஒரிஜென். நமக்குக் கிடைச்சிருக்கிறது அவரோட மாணவர் கொடுத்த ஃபேர்வெல் ஸ்பீச்.

அந்த மாணவர் கிரகோரி. கருங்கடல் பக்கம் பொந்து மாகாணத்தில் வசதியான வீட்டுப் பையன். பதினாலு வயசில் அப்பா போயிட்டார். அம்மா பேச்சுக்கலை படிக்க வைக்கிறாங்க, கூடவே லத்தீன், ரோமச் சட்டம். அடுத்து பெய்ரூட் போய்ச் சட்டம் படிக்கணும். அந்தக் காலத்தில் சட்டப் படிப்புக்குப் பேர்போன ஊர் அது. இதற்கிடையில் அக்கா தங்கச்சியில் ஒருத்தரோட கணவருக்குப் பாலஸ்தீன ஆளுநரிடம் வேலை கிடைக்கிறது. அவங்களை செசரியாவுக்கு அழைச்சிட்டுப் போக ஒரு படைவீரர் வருகிறார், அரசு வண்டிகளைப் பயன்படுத்த அனுமதியோட. செசரியாவிலிருந்து பெய்ரூட் பக்கம்தானே! கிரகோரியும் சகோதரன் அத்தெனதோரும் கூடவே கிளம்பிட்டாங்க. இது கி.பி. 230களில் நடக்குது.

செசரியாவில் ஒரிஜெனைப் பார்க்கிறாங்க. பெய்ரூட் அதோட போச்சு. ஐந்து வருஷம் அவரிடமே தங்கிட்டாங்கன்னு யூசேபியஸ் எழுதியிருக்கார். முதல் நாட்களைப் பற்றி கிரகோரி சொல்றது எனக்கு ரொம்பப் பிடிக்கும். வலையில் மாட்டின மீன் மாதிரி, கண்ணியில் சிக்கின பறவை மாதிரி, எப்படியாவது நழுவி ஓடப் பார்த்தாராம். ஒரிஜென் பேசிப் பேசியே நிறுத்தி வைக்கிறார்.

பிடிச்சு வச்ச பிறகு என்ன செய்தார்? அறிவுரையா? இல்லை. முதல் வேலை உழவு. தரிசு நிலத்தில் இறங்குகிற விவசாயி மாதிரி முள்ளை வெட்டி, மண்ணைப் புரட்டிப் போட்டாராம். கேள்வி மேல் கேள்வி. நீங்க உறுதியா நம்புற ஒன்றை எடுத்து, 'இது எப்படித் தெரியும்?'னு கேட்டுக் கேட்டு, கடைசியில் நீங்களே வாய்மூடுற அளவுக்குக் கொண்டு போறது. சாக்ரடீஸ் பாணி. பழக்கப்படாத குதிரை துள்ளுற மாதிரி நாங்க துள்ளினோம்னு கிரகோரியே சொல்றார். கறாரான சீனியரிடம் கோட் ரிவ்யூ வாங்கினவங்களுக்கு இந்த வலி புரியும்.

அதுக்கப்புறம்தான் பாடம்: தர்க்கம், இயற்கை அறிவியல், வடிவியல், வானியல். இதெல்லாம் தாண்டித்தான் அறம் வருது. விவேகம், தன்னடக்கம், நீதி, துணிவுன்னு கிரேக்கர்களோட அதே பழைய நாலு குணங்கள். இங்கேதான் கிரகோரி ஒரு கோடு கிழிக்கிறார். மத்த தத்துவவாதிகள் இந்தக் குணங்களுக்கு அழகா இலக்கணம் சொன்னாங்க, அதோட நின்னுட்டாங்க. இவர் சொல்றதை வாழ்ந்து காட்டப் பார்த்தார், எங்களையும் செய்ய வைக்கப் பார்த்தார் என்கிறார். யூசேபியஸ் தரும் தகவலும் இதோட ஒத்துப்போகுது: அலெக்சாந்திரியாவில் இருந்தப்பவே தன்னோட நூல்களை விற்று, அதில் வந்த நாளொன்றுக்கு நாலு ஓபோல் காசில் வாழ்ந்தவர், தரையில் படுத்தவர், பல வருஷம் செருப்பில்லாமல் நடந்தவர்.

இன்னொரு விஷயம். கடவுளும் இல்லை, கடவுளோட பராமரிப்பும் இல்லைன்னு சொல்றவங்களைத் தவிர மற்ற எல்லாத் தத்துவப் பள்ளிகளையும் படிக்கச் சொன்னார். ஒரே பள்ளியில் மாட்டிக்கிட்டவன் சதுப்புநிலத்தில் புதைஞ்சவன் மாதிரி, அடர்ந்த காட்டில் வழி தவறினவன் மாதிரி. எது முதலில் காதில் விழுந்ததோ அதையே உண்மைன்னு பிடிச்சுக்குவான். இப்போ நம்ம ஃபீடும் கிட்டத்தட்ட அந்தச் சதுப்புநிலம்தான், சரி, அதை விடுங்க.

சரி, பலன்? ஐந்து வருஷம் முடிஞ்சு, எல்லார் முன்னாடியும் நின்று கிரகோரி சொல்றது: அந்தக் குணங்கள் எனக்கு இன்னும் கைவரலை, காரணம் என்னோட மந்தபுத்தியும் சோம்பலும்தான். ஆனா அவற்றின் மேல் தீராத காதலை இவர் உண்டாக்கிட்டார். பேச்சில் கொஞ்சம் சம்பிரதாயமான அடக்கமும் உண்டு, அவர் பேச்சுக்கலை படிச்சவர் ஆச்சே. இருந்தாலும் பாராட்டு விழாவில் 'நான் இன்னும் பாஸ் ஆகலை'ன்னு சொல்லக் கொஞ்சம் தைரியம் வேணும்.

எனக்கு ஒரு நெருடலும் இருக்கு. எந்த மனுஷனுக்கும் அடிமையாகாதேன்னு சொல்லிக்கொடுத்தவரிடமே பையன் முழுசா சரணடைஞ்சிட்டான். யோனத்தானோட ஆன்மா தாவீதோட பிணைஞ்ச மாதிரி நான் இவரோட பிணைஞ்சேன் என்கிறார். ஊருக்குத் திரும்புறதை, ஆதாம் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டதோட ஒப்பிடுறார். வாத்தியார் அந்த அளவுக்குத் தேவைப்பட்டால், கற்பித்தல் நடந்ததா, மயக்கம் நடந்ததா?

ஒரிஜெனுக்கு அது புரிஞ்சிருக்கும்னுதான் நினைக்கிறேன். அவர் கிரகோரிக்கு எழுதின ஒரு கடிதம் இருக்கு. உன் திறமைக்கு நீ நல்ல ரோம வழக்கறிஞராகவோ கிரேக்கத் தத்துவவாதியாகவோ ஆகலாம். ஆனா இஸ்ரவேலர் எகிப்தியரோட தங்கத்தை எடுத்து ஆராதனைப் பொருள் செய்த மாதிரி, கிரேக்கக் கல்வியை எடுத்து வேதத்துக்குப் பயன்படுத்து, நீயே தேடு, நீயே தட்டு என்கிறார். 'என்கிட்டயே வா'ன்னு அதில் இல்லை.

250இல் பேரரசர் டேசியஸ் காலத்தில் துன்புறுத்தல் வந்தது. ஒரிஜென் கைதானார். கழுத்தில் இரும்பு, கால்கள் தொழுமரத்தில் நாலு துளை அகலத்துக்கு இழுத்து மாட்டப்பட்டன. நம்பிக்கையை மறுக்கவில்லை. வெளியே வந்து சில வருஷத்தில் இறந்தார். அப்போ கிரகோரி தன் ஊர்ப்பக்கம் நியோசெசரியாவில் ஆயர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அவர் வாழ்க்கையை எழுதின நிசா கிரகோரி சொல்றபடி, அவர் மக்களைத் தப்பி ஓடச் சொன்னார், தானும் மலைக்குப் போய்விட்டார். அப்படிச் செய்ததால் அந்தக் கூட்டம் பிழைச்சுது.

வாத்தியார் தொழுமரத்தில், மாணவர் மலையில். இந்த ரெண்டு பேரில் யார் சரின்னு என்னால் லேசில் சொல்ல முடியலை. உங்களுக்கு என்ன தோணுதுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடில் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.